மரணம் என்ற கோப்பு

மத்திய வீதியில், பழக்கடைக்கு மேலே,
செங்குத்துப் படியேறி வந்தால் எங்கள் அச்சகம்.
கலியாண அட்டை, ரசீதுப் புத்தகம், ரியூசன் நோட்டீஸ்.
ஆனால் வாடகை கட்டுவது சாவில்தான்.

கணினியில் மூன்று கோப்புகள்.
மரணம்.
மரணம் முஸ்லிம்.
மரணம் வேதம்.
பெயர் வைத்தவன் நான், பத்து வருடத்துக்கு முன்,
அவசரத்தில், மற்றக் கையில் வடையோடு.

முதலாவதைத் திறந்தால்
இரண்டு குத்துவிளக்கு தானாக எரியும்.
சிவபதமடைந்தார் என்று ஆயத்தமாய் இருக்கும்,
பெயரையும் வயதையும் மாற்றினால் போதும்.
இரண்டாவதில் பிறை. மூன்றாவதில்
கர்த்தருக்குள் நித்திரையும் ஒரு புறாவும்.

றிஸ்மியா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
வேலைக்குச் சேர்ந்து நாலாம் மாதம்,
வெய்யில் கூடவா என்று கேட்கிற குரலில் கேட்டாள்:
"அண்ணன், நாங்க மௌத்தானா வால் முளைக்குமா?"
விளங்கவில்லை. திரையைக் காட்டினாள்.
மரணம். சும்மா மரணம்.
அதற்குக் கீழே வாலோடு இரண்டு.

அது ஒரு வசதிக்கு, என்றேன்.
"ஓம், வசதிதான்."
தாள் அடுக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் வாய்க்கு நானே காவல்.
சைவக்கடை என்கிறேன், கத்தரிக்காய்க் கறிக்கு.
வருசம் பிறக்குது என்கிறேன், யாருக்கு என்று சொல்லாமல்.
கோயிலடிக்கு விடு என்றால்
ஓட்டோக்காரன் கேள்வியில்லாமல் பத்திரகாளியிடம் விடுகிறான்;
மாதாவிடம் போகிறவர்கள்
மாதாவையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.
தமிழ் ஆக்களும் முஸ்லிம் ஆக்களும் என்கிறேன்
றிஸ்மியாவிடம், தமிழில்.
அவளும் தமிழில் ம் கொட்டுகிறாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் எமல்டா என்றொருத்தி,
குடையைப் படியில் விட்டுவிட்டு வந்தாள்.
"அப்பாவுக்கு நோட்டீஸ். செபமாலை. எழுபத்தொன்று.
சீனக்குடா மாவாலையில மெக்கானிக்."
மூன்றாவதைத் திறந்தேன். புறா வந்தது.
"புறா வேண்டாம். பேர்தான் செபமாலை,
கையில ஒருநாளும் இருந்ததில்ல."
பிறகு, குத்துவிளக்கா?
அதுவும் இல்லை.
காலமானார் என்று போடவா?
"காலமும் ஆகேல்ல, பதமும் அடையேல்ல.
அவர் செத்தவர்."

செத்தார் என்று அடித்தால் மரியாதை இல்லையே, பிள்ளை.
"நாய் சாகுது. மீன் சாகுது.
நானும் சாவன் எண்டுதான் அப்பா சொல்லுறவர்."

மரியாதை.
வாய்க்குள் அந்தச் சொல்லை உருட்டிப் பார்த்தேன்.
யாருடைய அடிக்காவது போய்ச் சேர்ந்தவனுக்குத்தான் அது போலும்.
எங்கும் போகாதவனுக்கு
விளைமீனுக்கு வைத்திருக்கும் வினைச்சொல்.

பின்னால் நின்ற றிஸ்மியாவுக்கும் முகம் சரியில்லை.
"ஒண்டுமே இல்லாமலா அக்கா?" என்றாள், மெல்ல.
எமல்டா அவளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அடித்தோம். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து:
செபமாலை செத்துவிட்டார்.
பஸ் நிலையக் கம்பங்களில் மழை ஊறி நின்றது.
இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிட்டு
எழுத்துப் பிழை என்றார்கள்.

அன்றிரவு முதல் கோப்புக்கும் வால் வைத்தேன்:
மரணம் சைவம்.
வெறும் மரணம் என்று ஒரு வெற்றுத்தாள்
செய்து வைப்போமா என்றும் யோசித்தேன்.
செய்யவில்லை.

காலையில் முதலாளி குலவீரசிங்கம் கத்துகிறார்,
படியில் ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்க:
"தம்பி, மரணத்தைக் காணேல்ல!"
அங்கதான் இருக்கு ஐயா, வடிவாப் பாருங்கோ.
சைவம், முஸ்லிம், வேதம்.

றிஸ்மியா எட்டிப் பார்த்தாள்.
"இப்பவும் நீங்கதானே முதல்."
அது அகரவரிசை, என்றேன்.
நான் ஒன்றும் செய்யவில்லை.