கணக்கு சரியாகத்தான் வந்தது

கோர்டெல் தெருவை நான் மிதித்ததே இல்லை.
நகரமன்றக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
ஒரு குளிர்காலம் முழுக்க
அதை எண்ணாகத்தான் பார்த்தேன்:
பிளாக் முப்பது பதினான்கு,
தலைகள் நூற்று எண்பத்தெட்டு.

ஏழாம் வார்டில் ஆள் குறைவு.
ஏரிக்கரை வீடுகளில் அறைகள் பெருகின,
பிள்ளைகள் பெருகவில்லை.
நான்காம் வார்டில் ஆள் அதிகம்.
சட்டம் சமன் கேட்டது.
மௌஸை இழுத்தேன்.
கோர்டெலின் மேற்குப் பக்கமும்
அதற்குப் பின்னால் பதினோரு பிளாக்கும்
பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறின,
ஒரு சத்தமும் இல்லாமல்.
வித்தியாசம் அரை சதவிகிதத்துக்கும் கீழே.
மேலதிகாரி எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார்.

தேர்தல் முடிந்தபின்தான்
அந்தப் பெயர் என் காதில் விழுந்தது:
வெர்லீன் டப்ஸ்.
காசு போட்டால் துணி துவைக்கும் கடை நடத்துகிறவர்.
ரயில் பாலத்தடியில் ஒரே ஒரு விளக்குக்காக
நான்கு ஆண்டு மனு எழுதி,
எழுதிய கை சலித்து,
தானே போட்டியில் நின்றவர்.
அறுபத்து மூன்று வாக்கில் தோற்றார்.

அவர் வீடு கிழக்குப் பக்கம்.
எதிர்வீடு பா ஞியா வாங்குடையது.
அந்த வீட்டுப் புல்வெளியில் கோடை முழுக்க
வெர்லீனின் பெயர்ப்பலகை நின்றது.
வாக்குச்சாவடியில் நீட்டிய சீட்டில்
அந்தப் பெயர் இல்லை;
முகம் பார்த்திராத இருவர் இருந்தார்கள்.
தவறான சீட்டு என்று
பா ஞியா திருப்பிக் கொடுத்து வேறு கேட்டாராம்.
வரிசையில் அடுத்து நின்ற கிழவர் வோய்ட்கீவிச்
தன் சீட்டைப் புரட்டிப் பார்த்தாராம்,
பின்பக்கம் இருக்குமோ என்று.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.
இந்த ஊர் இரண்டுபடவே இல்லை.
இன்றும் ஒரே கடையில்தான் துவைக்கிறது,
ஒரே நிறுத்தத்தில் நின்று
தாமதமாக வரும் ஒரே பேருந்தைத் திட்டுகிறது.
இரண்டாக்கியவன் கூத்தாடிகூட இல்லை,
மாதச் சம்பளக்காரன்.

தெரு நடுவில் ஒரு குழி உண்டு.
பனி உருகினால் குளம்.
நான்காம் வார்டுக்குப் போன் செய்தால் ஏழு என்கிறார்கள்,
ஏழுக்குச் செய்தால் நான்கு.
அந்தக் குழி மட்டும்தான்
இரண்டு வார்டிலும் குடியிருக்கிறது.

பிப்ரவரிக் கூட்டத்தில்
திரைக்கருகே கம்ப்யூட்டரோடு நான் உட்கார்ந்திருந்தேன்.
வெர்லீன் மைக்குக்கு வந்தார்.
பெயர், முகவரி, வார்டு என்றார் தலைவர்.
"நான்கு."
"பாலம் ஏழில் இருக்கிறது, அம்மா.
இது ஏழாம் வார்டுக்காரர்கள் பேசும் நேரம்."
"இருட்டும் ஏழில்தான் இருக்கிறது.
கடை பூட்டிவிட்டு அதில் நடப்பது நான்."
தலைவர் விதிப்புத்தகத்தைத் தேடினார்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
பா ஞியா வாங்,
இன்னும் கோட்டைக் கழற்றாமல்:
"எனக்கு மூன்று நிமிடம் உண்டு.
முகவரி கோர்டெல், மேற்கு. வார்டு ஏழு.
என் நிமிடங்களை அவருக்குத் தருகிறேன்."

வரைபடத்தைக் காட்டு என்று தலைவர் என்னிடம் சைகை செய்தார்.
நகரம் முழுதும் திரையில் விரிந்தது.
அந்தத் தூரத்தில் தெருவே இல்லை,
நான் இழுத்த கோடுதான் கிடந்தது, கறுப்பாக, தடியாக.
நெருங்கினேன்.
கோடு மெலிந்தது.
இருபுறமும் கூரைகள் முளைத்தன,
பனி மூடிய கார்கள்,
ஒரு கூரைமேல் நீலத் தார்ப்பாய்.

"அது என் கடை," என்றார் வெர்லீன்.
"மூன்றாவது மெஷினுக்கு மேலே ஒழுகுகிறது."
யாரோ சிரித்தார்கள்.
சிவப்பு எண்கள் இறங்கத் தொடங்கியிருந்தன.
இரண்டு நிமிடம் நாற்பது.
அவர் தாளைப் பிரிக்கவில்லை.
திரையில் அந்தக் கோட்டைப் பார்த்தார்,
பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை.
இரண்டு முப்பத்தொன்பது.