பாட்டிலில் என்ன?

திங்கட்கிழமைகளில் என் வேலை
முகர்வது.
சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வாசலில்
காலை எட்டரைக்கு எனக்கொரு நாற்காலி போடுவார்கள்.
உட்காரக் கூடாது.

பையைத் திற, டிபன் பாக்ஸைத் திற,
பாட்டில் மூடியைத் திருகு.
மூக்கருகே ஒரு நொடி.
தண்ணீர் என்றால் உள்ளே விடு.
மண்ணெண்ணெய் என்றால் ஆளைப் பிடி,
ஆம்புலன்ஸைக் கூப்பிடு,
அதற்கும் முன்னால்
கேமராக்காரர்களை நகர்த்து.

வளாகத்துக்குள் யாரும் எரியக் கூடாது.
சுற்றறிக்கை தெளிவாகத்தான் இருக்கிறது.
கேட்டுக்கு வெளியே, வீட்டில், அடிவயிற்றில்
எரிவதைப் பற்றி
அதில் வரி இல்லை.

மனுக்களை நான் படிப்பதில்லை.
துழாவும் கைக்கே தெரிந்துவிடும்.
பட்டா கேட்பவர் மஞ்சள் பையில் வைத்திருப்பார்,
முதியோர் பணம் நின்றுபோனவர் நெஞ்சோடு.
மகனைத் தேடுகிறவர்கள்
போட்டோவை லேமினேட் செய்திருப்பார்கள்,
எத்தனை மழைக்காலம் அலையவேண்டும் என்று
யாரோ முன்பே சொல்லிவிட்டதுபோல.

கெங்கம்மாள் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து
முதல் பஸ்ஸில் வந்தவள்.
பையில் ஒரு கட்டு பதில் கடிதங்கள்.
ஒரு லிட்டர் பாட்டில், வெயிலில் டீ நிறம்.
திருகினேன்.
மண்ணெண்ணெய் இல்லை.
சுண்ணாம்பு, உப்பு, ஊறிய தோல்,
அதற்கும் அடியில் பெயர் தெரியாத ஒன்று,
நாணயத்தை நக்கினாற்போல.

"என்னம்மா இது?"
"குடிக்கிற தண்ணி."
"விளையாடறியா?"
"எங்க போர்ல இதாம்மா வருது.
பைப்புல பதினோரு நாளைக்கு ஒருவாட்டி."

எனக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர்.
எனக்கு முன்னால் நூறு பேர்.
சந்தேகம் என்றால் கொட்டு என்பது உத்தரவு.
கொட்டினேன்.
பூவரச மரத்தடியில் கொஞ்ச நேரம் நுரைத்தது,
பிறகு மண் அதையும் குடித்தது.

அவள் கத்தவில்லை.
கையிலிருந்த தாளை மடித்தாள், மறுபடி மடித்தாள்.
"மனுவக் கொட்டிட்டியேம்மா," என்றாள்.
"இது அதுக்குப் போட்ட கவருதான்."

அன்றிரவு குவார்ட்டர்ஸில்
இருபது லிட்டர் கேனைத் தூக்கிக் கவிழ்த்தேன்.
முப்பது ரூபாய்.
எனக்கு வரவேண்டியதை
என் காசிலேயே வாங்கிக் குடித்துவிட்டு
யாரும் எனக்குப் பாக்கியில்லை என்று
இத்தனை நாள் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

வட்டிக்கடை வாசலில்
கடன்பட்டவன் கூனி நிற்பதைப் பார்த்ததுண்டு.
கடன் கொடுத்தவளே
பையைத் திறந்து காட்டி, கையைத் தூக்கிக் காட்டி,
டோக்கன் வாங்கி நிற்பது
எங்கள் வாசலில் மட்டும்தான்.

அடுத்த திங்கள் மீண்டும் வந்தாள்.
அதே பாட்டில். அதே நிறம்.
என்னைத் திட்டவில்லை, தெரிந்தவள்போல் சிரிக்கவுமில்லை.
மூடியைத் தானே திருகி நீட்டினாள்.

பதிவேட்டில் இரண்டே கட்டம்:
தண்ணீர். எரிபொருள்.
முகர்ந்தேன்.
'தண்ணீர்' என்று எழுதி உள்ளே விட்டேன்.
நல்லது செய்துவிட்டேன் என்றுதான்
ஐந்து நிமிடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உறைத்தது.
அவள் பையிலிருந்த அத்தனை கடிதங்களும்
ஏழு வருடமாக அவளுக்குச் சொல்வது
இதே ஒரு சொல்லைத்தான்.
இப்போது காவல்துறையும் சாட்சி,
தேதி, நேரம், என் கையெழுத்தோடு.

ஸ்கேல் இல்லை.
கையாலேயே மூன்றாவது கோடு இழுத்தேன்,
கோணலாக.
அதன் தலையில் என்ன எழுதுவதென்று
பேனாவை வைத்துக்கொண்டு நின்றபோது
வரிசையில் அடுத்தவர்
நான் கேட்காமலே
மூடியைத் திருகி
என் மூக்கருகே நீட்டினார்.