லேபிள் அழிந்த நான்கு குப்பிகள்

ஆல்கஹால் சிந்தியதில் மை கரைந்துவிட்டது.
தட்டில் நான்கு குப்பிகள்,
ஒவ்வொன்றிலும் தீக்குச்சித் தடிமனில்
ஓர் எலும்புத் துண்டு.
லுகோ ஆஸ்பத்திரியின் அடித்தள ஆய்வகம்,
வியாழன் மாலை, மேலே கலீசியாவின் ஓயாத மழை.
எது யாருடையது என்று
எலும்பிடமே கேட்கவேண்டிய நிலை எனக்கு.

பல் போனபின் மேல்தாடை மெலியும்.
அதற்கு மேலே சைனஸ் என்கிற காற்றறை
மெல்ல இறங்கிவந்து இடம் பிடிக்கும்.
டாக்டர் இரியா பக்கச்சுவரில் ஒரு சன்னல் வெட்டி
முட்டையின் உள்தோல் போன்ற சவ்வைக்
கிழியாமல் தூக்கி நிறுத்துவார்.
அடியில் கிடைத்த இடத்தில் எதையாவது இட்டு மூடுவார்.
ஆறு மாதம் கழித்து
இம்ப்ளான்டுக்குத் துளையிடும்போது வருகிற துண்டு
என் மேசைக்கு.

தேய்த்தேன், ஒளி ஊடுருவும்வரை.
நீலம் ஊற்றினேன்.

முதலாவது எதையும் மறைக்கவில்லை.
மாட்டெலும்புத் துகள்கள், சூளையில் வெந்து
தாது மட்டும் மிஞ்சியவை,
போட்டது போட்டபடி இருக்கின்றன.
ஒவ்வொன்றின் தோளிலும் புது எலும்பு கை போட்டிருக்கிறது.
எலாடியோ ரெகேய்ரோ, முப்பத்தொரு பசு வைத்திருப்பவர்.
சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும்போதே கேட்டாராம்:
"எந்த இனம்? எத்தனை லிட்டர் கறந்தது?"
ஐயா, அது வருஷக்கணக்கில் போகாது.
தொழுவத்தில் ஒன்று கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததில் செயற்கைப் பாஸ்பேட்.
ஓரமெல்லாம் அரித்து, பாதி கரைந்து,
பந்தியில் பாதியில் எழுந்துபோனவர்களின் இலைபோல.
தபால் வேன் ஓட்டும் மருஷா.
இது போய்த்தான் அது வரவேண்டும்.
போகிற வேகம் வருகிற வேகத்தை முந்தினால்
நடுவில் பள்ளம்தான்.
முந்தவில்லை.

மீதி இரண்டு.
இரண்டிலும் அந்நியம் எதுவுமில்லை.

ஒன்று கல்வேலை செய்யும் அமாரோவுடையது.
அவன் இடுப்பெலும்பிலிருந்தே சுரண்டி இட்டார்கள்.
மூன்று வாரம் நொண்டிக்கொண்டே சாரம் ஏறினான்.
மற்றது உஷியா, கைத்தா வாசிப்பவள்,
கக்கத்தில் தோல்பையும் தோளில் குழலுமாய்த் திரிபவள்.
அவளுக்கு எதுவுமே வைக்கவில்லை.
சவ்வு சரியாதிருக்க ஒரு திருகைக் கூடாரக்கால் ஆக்கி,
அடியில் ரத்தம் நிரம்பவிட்டுத் தைத்தார்கள்.
ஊதாதே. மூக்கைச் சிந்தாதே.
தும்மல் வந்தால் வாயைத் திற.
அக்டோபர் திருவிழாவில் அவள்
தொடையில் தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள்.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
ஒரே அளவு எலும்பு, ஒரே பின்னல்,
அதே குழிகளில் அதே செல்கள்.

ஒன்பதரைக்கு டாக்டரைக் கூப்பிட்டேன்.
"வைத்த துகளின் மிச்சம் ஏதாவது?"
"இல்லை."
"எங்கிருந்து வளர்ந்திருக்கிறது?"
"பழைய தரையிலிருந்து."
"இரண்டிலுமா?"
"இரண்டிலும்."
போனில் சற்று நேரம் மழை மட்டும் கேட்டது,
அவர் பக்கத்து மழையா என் பக்கத்ததா தெரியவில்லை.

மாட்டை வருஷக்கணக்கில் வைத்துக் காப்பாற்றும் உடல்
தன்னுடையதைத்தான் முதலில் தின்று தீர்க்கிறது.
இடுப்பைக் கொடுத்தவனுக்கும்
காத்திருப்பை மட்டும் கொடுத்தவளுக்கும்
ஒரே கூலி.
அமாரோவிடம் இதை யார் சொல்வது?
நான் சொல்லப்போவதில்லை.

மூன்று, நான்கு என்று எழுதி
பெயர்க்கட்டங்களைக் காலியாக விட்டேன்.
புதுக் குப்பிகளில் இனி பென்சில்தான்.
ஆல்கஹாலுக்குப் பென்சில் அசையாது.