பதினொன்று புள்ளி நான்கு

பேரணாம்பட்டில் இருபத்தாறு வருஷமாய்
தோலுக்குத் தரம் போடுகிறவன் நான்.
கட்டை விரலால் ஒரே ஒரு தடவல்.
உண்ணி கடித்த இடம், முள்வேலி கீறிய இடம்,
குட்டியாய் இருக்கையில் வந்துபோன அம்மை
எல்லாம் எழும்பி வந்து விரலிடம் சொல்லும்.
மூன்றாம் தரம். ஐந்தாம் தரம். கழிவு.

அந்த விரலுக்கு
என் விலாவுக்குள் நடந்தது மட்டும் எட்டவில்லை.
வலித்திருந்தால் கேட்டிருப்பேன்.
வலிக்கவில்லை.

வேலூரில், கோட்டை அகழிக்கு இரண்டு தெரு தள்ளி,
வலக்கையைத் தலைக்கு மேல் போட்டுப் படுத்தேன்.
விலா இடுக்கில் சில்லென்று பசை.
கதவை ஒற்றை விரலால் தட்டுவதுபோல்
பத்துத் தட்டல்.
உள்ளே எவ்வளவு கெட்டி என்று
எதிரொலியை வைத்து எண் போடுமாம் அந்த மெஷின்.
என் வேலைதான். விரல்தான் வேறே.

"குடிப்பீங்களா?" என்றார் டாக்டரம்மா.
ஐந்து வேளை தொழுகிறவனிடம்.
"வதூத் பாயா? டீ குடிப்பாரு,
சக்கரை நாலு கரண்டி" என்று
வாசலில் இருந்து கன்னியப்பன் சிரித்தான்.
அவன் கிண்டலுக்குச் சொன்னதை
அவர் சீட்டில் எழுதிக்கொண்டார்.

கொழுப்பு வந்து தங்கியதாம்.
தங்கிய இடம் வீங்கியதாம்.
வீங்கி ஆறி, வீங்கி ஆறி,
ஆறிய இடமெல்லாம் நாராகிப் போனதாம்.
பதினொன்று புள்ளி நான்கு.
நாலு படியில் மூன்றாம் படி.
மூன்றாம் தரம் என்றால் எனக்குத் தெரியாதா?

கன்னியப்பனுக்கு முப்பத்தொன்று.
சுண்ணாம்புக் குழி வேலை, சாயங்காலம் குவார்ட்டர்,
காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி
மூடவே மாட்டேன் என்கிறது.
உணவுக்குழாயில் புடைத்த நரம்புகளுக்கு
ரப்பர் வளையம் போட்டு அனுப்பினார்கள்.
"ஊர்ல என்னைக் குடிகாரன்பாங்க,
இனிமே உன்னையும் அதான்பாங்க" என்றான்,
குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு.

நான் டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன்:
பதப்படுத்தின தோலு மறுபடி பச்சைத் தோலு ஆகாதுங்களே?
"இது உயிரோட இருக்கு பாய்.
புண்ணாக்குறதை நிறுத்தினா
நாரை அதுவே கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும்."
முழுசாவா?
"எட்டு கிலோ குறைச்சுட்டு வந்து கேளுங்க."

ஃபஜ்ர் முடிந்ததும் மலட்டாற்று மணலில் நடந்தேன்.
மணலில் நடப்பவனுக்குத்தான் தெரியும்
ஒரு கிலோ எத்தனை கிலோ என்று.
வலீமா பந்தியில் ஒரு கரண்டியோடு கையை மூடினேன்;
மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டார்கள்.
சர்க்கரை இல்லாத கடுங்காப்பி
முதல் வாரம் விஷம், அப்புறம் பழக்கம்.
மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கிற சூரணம் என்று
மச்சான் கொண்டுவந்த டப்பா
முத்திரை உடைக்காமல் அலமாரியில் நிற்கிறது.
ஏற்கெனவே புண்பட்ட இடத்தில்
பேர் தெரியாத பொடி எதற்கு?
பிள்ளைகள் மூவருக்கும் ரத்தம் பார்த்து
மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டாயிற்று.
ஊசிக்கு அழுதவள் கடைக்குட்டி ருமானா மட்டும்.

கல்லீரல் என்று பேர் வைத்தவன்
கல்லை முன்னால் நிறுத்தினான்.
ஈரத்தைப் பின்னால் ஒளித்தான்.
கல் வளர வளர
யாரும் அந்தப் பேரை முழுசாய்ச் சொல்லிப் பார்ப்பதில்லை.

பதினாலு மாசம்.
அதே பசை, அதே பத்துத் தட்டல்.
எட்டு புள்ளி ஒன்று.
டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார்.
நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

கன்னியப்பன் பாட்டிலைத் தொட்டு ஒன்பது மாசம்.
அவன் எண் இறங்கவில்லை, ஏறவும் இல்லை.
ஏறாததே பெரிசு என்கிறார்கள்.
ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.
மாற்று ஈரல் என்று ஒரு பேச்சு;
பணம் எவ்வளவு என்று அவன் இன்னும் கேட்கவில்லை.

மத்தியானம் உப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.
தோலில், தரையில், கிணற்றுத் தண்ணீரில்,
எங்கள் செருப்பு வாரில்கூட உப்பு.
அவன் தூக்குச்சட்டியில் மட்டும்
உப்பில்லாத சோறு.
"எப்பிடிடா இருக்குது?"
"தோலு மாதிரி இருக்குது பாய்" என்று
மென்றுகொண்டே இருக்கிறான்.