அழித்தவற்றின் பட்டியல்

உன் அறைக்குப் பதினெட்டு டிகிரி, ஸ்ட்ரூவன்.
என் அறைக்கு ஒரு ஜன்னல்.
அதில் டே ஆறும், பாலத்தில் ஊரும் ரயிலும்,
ஒரு ரொட்டித் துண்டுக்கு
டண்டீ முழுக்கக் கேட்கச் சண்டையிடும் கடற்காகங்களும்.
நீ கீழ்த்தளம், நான் மூன்றாம் மாடி.
நடுவில்
நினைத்தபோது நின்றுவிடும் லிஃப்ட்.

உன்னைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.
ஈரக் கோட்டை மாட்டிவிட்டுப்
பென்சிலோடு உட்கார்ந்து
தேவாலயத்தில்போலக் குரலைத் தாழ்த்துகிறார்கள்.
என்னிடம் போனில் கேட்பார்கள்:
இதை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருக்கணும்?
பார்க்கிங் அபராதமா, இரண்டு.
பள்ளிக்கூடத்துப் பால் கணக்கு, மூன்று.
சம்பளப் பட்டியல், ஏழு.
மறுமுனையில் ஒரு பெருமூச்சு,
இறக்கிவைத்த சுமையின் சத்தம்.

கிறிஸ்துமஸ் விருந்தில் உன் ஆள் ஒருவன்
என்னைக் கசாப்புக்காரி என்றான்.
சிரித்துவைத்தேன்.
பதில் பேருந்தில்தான் வந்தது:
நூறு பெட்டியில் தொண்ணூற்றைந்தை நான் அனுப்பாவிட்டால்
உன் ஐந்தை எந்தக் குவியலில் தேடுவாய்?
(நானும் உன்னைப் புதையல் காக்கும் பூதம் என்றிருக்கிறேன்,
நீ இல்லாதபோது.)

அக்டோபரில், கடல்மூடுபனி பாலத்தை விழுங்கிய நாளில்
ஆர்ப்ரோத்திலிருந்து நெட்டா கூர்லே வந்தார்.
வயது எழுபத்தொன்று.
ஆறு வயதிலிருந்து ஒன்பது வரை
நகராட்சியின் குழந்தைகள் இல்லத்தில் இருந்தாராம்.
இருந்ததற்குக் காகிதம் வேண்டும்.
காகிதம் இல்லாவிட்டால்
அந்த மூன்று வருஷமும் நடக்கவில்லை
என்கிறது நஷ்டஈட்டு அலுவலகம்.

நான்கு நாள் தேடினாய்.
ஐந்தாம் நாள், லிஃப்ட் நின்றுபோய்,
படியேறி மூச்சிரைக்க வந்து சொன்னாய்:
எரித்துவிட்டீர்கள்.
எண்பத்துமூன்றில்,
நான் பள்ளிச் சீருடையில் இருந்த வருஷத்தில்
எரித்துவிட்டீர்கள்.
விதிப்படி சரிதான் என்றேன்.
சொன்னது என் வாய்தான்.
அந்தச் சொல்லை எடுத்து
எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
என் அட்டவணையில் நிரந்தரம் என்ற சொல்
வெகு அபூர்வம்.
அதில் ஒன்று: அழித்தவற்றின் பட்டியலை அழிக்கக் கூடாது.
அது எங்கே போகும்?
உன்னிடம்தான், ஸ்ட்ரூவன்.
உன் கடைசி அலமாரியின் அடித்தட்டில்,
நீ 'இதர' என்று எழுதி
ஒருநாளும் திறக்காத பெட்டியில்.

தரையில் மண்டியிட்டுப் பிரித்தோம்.
எனக்கு முன் என் நாற்காலியில் இருந்த ஐனா டால்கார்னோ
'பன்னிரண்டு பெட்டி, குழந்தைகள் இல்லம்'
என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்.
விதி அவ்வளவுதான் கேட்டது.
அவரோ இருநூற்றுப் பதினான்கு பெயரையும்
தட்டச்சு செய்திருந்தார்.
ஏன் என்று எழுதவில்லை.
'உ' விசை வரும்போதெல்லாம் தாள்
ஊசிமுனை அளவு கிழிந்திருக்கும்போல,
அதன் பின்புறம் தொட்டால் உறுத்தியது.

கூர்லே, ஜேனட். 1958–61. நாற்பத்தாறு தாள்.

இது போதும் என்றாய் அவரிடம்,
அலுவலகத்துக்கு இது போதும்.
அவர் அந்த எண்ணின்மேல் விரலை வைத்தார்.
என்னைப்பற்றி நாற்பத்தாறா?
என்ன எழுதியிருந்தார்கள்?

நீ என்னைப் பார்த்தாய்.
நான் உன் பென்சிலைப் பார்த்தேன்.

அடுத்த திங்கள் எட்டுப் பெட்டி வந்தது.
கெடு முடிந்தவை.
எட்டையும் அனுப்பினேன், கையெழுத்திட்டுத்தான்.
பட்டியல் மட்டும்
வியாழன் மதியம்வரை முடியவில்லை.
ஏன் இவ்வளவு தாமதம் என்றார் மேலதிகாரி.
பெயர்கள் என்றேன்.