பன்னிரண்டரை நிமிடம்

வர்தூர் ஏரிக்குப் பின்னால்
ஏழு மாடி அடுக்ககத்தின் சம்ப்பு ஓரம்
இரவு பத்தரைக்கு நிற்கிறது
முப்பத்தைந்து குதிரை டிராக்டர்.
பின்னால் ஐயாயிரம் லிட்டர் டேங்கர்.
உழுத மண்ணை மிதித்து இருபது வருடமாகிறது அது.
இடது விளக்கு இருந்த இடத்தில் ஒரு குழி.

முனிரெட்டி போனில் சொன்னது இவ்வளவுதான்:
"பி.டி.ஓ கத்துது தாவீது,
மூணாவது மாடி அம்மா வீடியோ எடுத்து அனுப்பிட்டாங்க."
வீடியோவில் இருட்டு இருந்தது,
ஒரு நாய் குரைத்தது.

கத்துவதில் எத்தனையோ விதம்.
கிளட்சை மிதிக்கையில் மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங்.
லீவர் விழும் கணத்தில் கறகறத்து அடங்கினால் பல்.
வளைவில் மட்டும் தட்டினால் கிராஸ்.
எல்லா நேரமும் முனகினால்
முதலாளிக்குச் செலவு.

தண்டைக் கழற்றினேன்.
ஆறு பல் ஸ்ப்லைன் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.
லீவரைப் போடச் சொல்லி
ஸ்க்ரூடிரைவர் முனையை ஹவுசிங்கில் ஊன்றி
பிடியைக் காதோரம் எலும்பில் வைத்தேன்.
பழைய எண்ணெய்க்குள் சக்கரங்கள்
பேச்சில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.
அங்கே இல்லை.

தண்டை மாட்டினேன்.
சுற்றுக்கு ஒரு டிக்.
கிராஸில் ஒரு கப் காய்ந்து
ஊசிகள் செம்பொடியாகக் கொட்டின.
பையில் இருந்ததே ஒரு கிட்தான், தட்டி இறக்கி
கிரீஸ் நாலு அழுத்து.
டிக் போயிற்று.
"முடிஞ்சுது!" என்றான் டிரைவர் சிக்கதிம்மா,
கொஞ்சம் அவசரமாக.

"தண்ணி ஓடட்டும்" என்றேன்.

ஹோஸ் விறைத்தது.
குந்திக்கொண்டு கடிகாரம் பார்த்தேன்.
ஐந்து. பத்து. ஒன்றுமில்லை.
பன்னிரண்டரையில் வந்தது,
ஜல்லியை யாரோ மெல்வதுபோல.
பம்ப் காற்றை இழுக்கிறது.
சுமை விட்டுவிட்டுப் பிடிக்க
தேய்ந்த பற்கள் அடித்துக்கொள்கின்றன,
லீவர்வரை நடுக்கம்.
மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது.

இந்த பம்பை மாட்டியவன் நான்.
டேங்கர் காலியாகப் பதினைந்து நிமிடம் பிடிக்கும்.
மீதி இரண்டரை எங்கே?
இரண்டரை நிமிடம் என்றால் எண்ணூறு லிட்டர் சொச்சம்.
எண்ணூறு என்றால்
நீல டிரம்மில் நாலு.

நாலு டிரம்.

"ஒத்தைக்கண் டிராக்டர்காரர் இன்னைக்கும் வந்தார்,
பாதி விலைதான்" என்பாள் ரூபவதி.
சந்தில் நாலு வீடு, வாசலுக்கு ஒன்று.
யார், எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை.
காலையில் அதில்தான் தலைக்குக் குளித்தேன்,
சோப்பு போகிறவரை தாராளமாக.

சிக்கதிம்மா ஹோஸைச் சுருட்டினான்.
சுருட்டியதைப் பிரித்து
மறுபடி சுருட்டினான்.

போன் அடித்தது.
"என்னாச்சு தாவீது?"
"கிராஸ் போயிருந்துச்சு. மாத்திட்டேன்."
"அவ்வளவுதானா?"
மேலே அந்த அம்மா
நைட்டிமேல் துண்டோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஸ்ப்லைன் கொஞ்சம் தேய்மானம். கடைசியில ஆடும்."
அதுவும் பொய்யில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு
டிரைவர் பக்கம் திரும்பாமலே சொன்னேன்:
"பத்து நிமிஷம் தாண்டினா திராட்டிலை இறக்கு.
சத்தம் வராது."
அவன் காசு நீட்டினான்.
கிட்டுக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன்.
கூலியை ஏன் விட்டேன் என்று
பாணத்தூர் பாலம்வரை யோசித்தும் பிடிபடவில்லை.

வீட்டு வாசலில், இருட்டில்,
கிரீஸ் கையோடு மூடியைத் திறந்தேன்.
விளிம்புவரை தண்ணீர்.
செம்பைக் கவிழ்த்தபடி அழுத்தினேன்,
சாய்த்ததும்
உள்ளே இருந்த காற்று
ஒருமுறை குளுக்கென்றது.