முயல் கிடந்த இடம்

ஓல்ட்டனில் நவம்பர் என்றால் மூடுபனி.
எதிர்வீட்டு மாடியைக் காணவில்லை,
மரப்பாலத்தைக் காணவில்லை,
ஆரே ஆறு
ஓசையாக மட்டும் ஓடுகிறது.

இரவு முழுக்க ரயில்பெட்டி கழுவிவிட்டு
நாலே காலுக்கு வந்து
சப்பாத்துக் கழற்றாமல் சோபாவின் ஓரத்தில் விழுகிறேன்.
தொலைக்காட்சியில் சத்தம் பூச்சியம்.
கீழ்வீட்டு ஹுன்சிக்கர் அம்மாவின் உறக்கம்
ஈரக் காகிதம், தொட்டால் கிழியும்.

இங்கே தெருவிளக்குக்கே தெரு தெரியவில்லை.
அங்கே, எந்த நாட்டு அமாவாசையிலோ,
ஒரு கமரா
வெளிச்சமே கேட்காமல் பார்க்கிறது.
குளிர்ந்ததெல்லாம் கருநீலம்
உயிர் உள்ளதெல்லாம் மஞ்சள்.
புல்லடியில் குஞ்சுகளை மூடிக்கிடக்கும் பறவை
சாம்பல் போட்டு வைத்த அடுப்பு.
எலி, கடுகளவு தணல்.

ஆந்தை வருகிறது
ஏற்றிய விளக்கொன்று பறந்து வருவதுபோல.
எனக்குத் தெரிகிறது, எலிக்குத் தெரியவில்லை.
'ஓடடி' என்கிறேன் வாய்க்குள்.
ஓடவில்லை.
ஆந்தைக்கும் பிள்ளைகள் இருக்கும் என்று
நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு அந்த முயல்.
காது நுனி மங்கல், கண் இரண்டும் வெண்தீ.
வெகுநேரம் கிடந்தது.
சட்டென்று எழுந்து
படத்துக்கு வெளியே போய்விட்டது.

முயல் போன பிறகும்
முயல் அங்கே இருந்தது.
கிடந்த இடம் அதன் வடிவத்திலேயே
செம்மஞ்சளாய் எரிந்தது,
காதிலிருந்து தொடங்கி
மெல்ல மெல்ல நீலமாகி
வயிறு இருந்த இடம் கடைசியாக.
படம்பிடித்த ஆள் நகரவே இல்லை.
ஓடிய முயலைத் துரத்தாமல்
வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
யாரோ எவரோ,
அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

அலாரம் அடித்தால் மகள் எழும்புவாள் என்று
நகுலேஸ் இந்த சோபாவில்தான் படுக்கிறார்.
நாலு மணிக்குப் பேக்கரி.
சில நாள் படிக்கட்டில் எதிர்ப்படுவோம்.
'பனி' என்பார். 'ஓம், பனி' என்பேன்.
இன்றைக்கு அதுவும் இல்லை.

மறுகோடியில் கலைந்து கிடந்த போர்வையை விலக்கி
உள்ளே கை வைத்தேன்.
ஆறிப்போயிருந்தது.
இல்லை, என் கைதான் குளிர்ந்திருந்ததோ,
தோலுக்கு அந்தக் கண் இல்லையே.
அங்கேயே நகர்ந்து சுருண்டேன்.

ஆறரைக்கு மகள் வருவாள்.
தேநீர் வைக்க நான் எழுந்ததும்
இத்தனை பெரிய சோபாவில்
நான் கிடந்த இடத்தையே தேடிப் படுப்பாள்.
சும்மா, பழக்கம் என்றிருந்தேன்.